சொல்லித்தர ஆளில்லாத குட்டி

பலரும் ஜீப்பில் போய்க் காண்டாமிருகத்தைப் பார்த்த அனுபவத்தை எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி. கால்நடை மருத்துவம் முடித்த கையோடு, ஒரு ஜூலையில் சில வாரங்கள் காசிரங்கா தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டுயிர் மறுவாழ்வு மையத்தில் இருந்தேன். அசாம் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் 2002இல் தொடங்கியது.

பிரம்மபுத்திரா பெருகினால் காசிரங்காவின் புல்வெளியெல்லாம் தண்ணீர்தான். விலங்குகள் நெடுஞ்சாலையைத் தாண்டி கார்பி ஆங்லாங் மலைப் பக்கம் ஏறும். பெரியவை நீந்திவிடும். குட்டிகளைத்தான் வெள்ளம் தாயிடமிருந்து பிரித்து இழுத்துப் போகும். அப்படி ஒன்று படகில் வந்து இறங்கியது. பிறந்து ஒரு மாதம்கூட இருக்காது. கொம்பே இல்லை. தொப்புளில் சீழ் வைத்திருந்தது. அதன் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது; அவ்வளவு கனத்த உடம்பிலிருந்து பூனைக்குட்டிபோல ஒரு மெல்லிய குரல்.

காயத்துக்கு மருந்து போட்டாயிற்று. பால்தான் பெரிய கவலை. காண்டாமிருகப் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, சர்க்கரை அதிகம். பசும்பால் கொடுத்தால் வயிறு கெட்டுவிடும். அதனால் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பால்மாவைத்தான் வெந்நீரில் கரைத்து, இரவிலும் எழுந்து எழுந்து புட்டியில் கொடுக்கப் பார்த்தோம். இரண்டு நாள் வாயே வைக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, பராமரிப்பாளர் ஒரு ஈரச் சாக்கைக் குறுக்கே தொங்கவிட்டு, அதன் அடியிலிருந்து புட்டியை நீட்டினார். தாயின் வயிற்றடி என்று நினைத்ததோ என்னவோ, சாக்கை முட்டி முட்டிக் குடிக்க ஆரம்பித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சந்தோஷத்தில் அதன் நெற்றியைத் தடவப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். ஒன்றிரண்டு பேருக்கு மேல் அதை யாரும் தொடக்கூடாதாம். அவர்களும் பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும்தான். புல் மேய ஆரம்பித்ததும் அதையும் குறைத்துவிடுவார்கள். காரணம் அப்புறம்தான் புரிந்தது. மனிதனைக் கண்டு ஒதுங்கத் தெரியாத காண்டாமிருகம் கொம்புக்காக வருகிறவனையும் பக்கத்தில் விட்டுவிடும். இரவு முழுக்க விழித்துக் காப்பாற்றிய குட்டி நம்மை மறந்தால்தான் பிழைக்கும் என்பதை ஏற்க எனக்குச் சில நாள் ஆயிற்று.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தியக் காண்டாமிருகங்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாணம் போடும். காட்டில் அது பெரிய குவியலாகிவிடும். அந்த வழியாக யார் வந்தார், போனார் என்பதை மற்றவை முகர்ந்து தெரிந்துகொள்ளும். இந்தக் குட்டிக்குச் சொல்லித்தரத் தாய் இல்லை, பார்த்துப் பழக வேறு காண்டாமிருகமும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் கொட்டிலின் வடக்கு மூலை ஒன்றைத் தானாகவே பிடித்துக்கொண்டது. தினமும் அங்கேதான் போய் நிற்கும். சுத்தம் செய்யும்போது அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் சாணத்தை விட்டு வைக்கச் சொன்னார்கள்.

இப்படி வளர்ந்தவை சில வருடங்கள் கழித்து லாரியேறி அசாமிலேயே இருக்கும் மானஸ் காட்டுக்குப் போகும். 1990களின் கலவரக் காலத்தில் வேட்டையாடியே அங்கிருந்த காண்டாமிருகங்களை அழித்துவிட்டார்கள். 2006இல் மைனாவ் என்ற பெண்குட்டி இந்த மையத்திலிருந்து போனது. மறுவருடம் கங்காவும் ஜமுனாவும். உடனே திறந்துவிடுவதில்லை, முதலில் மின்வேலிக்குள் பழகவேண்டும். 2013இல் கங்கா அங்கேயே குட்டி ஈன்றது. புட்டிப்பால் குடித்த ஒரு பிள்ளை காட்டில் தாயாகியிருக்கிறது! அதை நினைக்கும்போதெல்லாம் அந்த ஈரச் சாக்குதான் ஞாபகம் வருகிறது.

மானஸுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். காண்டாமிருகம் கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை, புல்லுக்குள் சாணக் குவியல் பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.