ஸ்டிக்கர் இல்லாத பழைய ஸ்டீல் பிரேம்: இது இத்தாலியனா?

பழைய_சக்கரம்:
மறுபடி பெயின்ட் அடிச்ச, லக் (குழாய்களை இணைக்கிற உலோக உறை) வச்ச ரேஸிங் சைக்கிள் பிரேம். முன்னாடி கம்பெனி முத்திரை, அதான் ஹெட் பேட்ஜ், இல்ல. வெர்னியர்ல எடுத்த அளவு: சீட் டியூப் வெளி விட்டம் 28.6 மி.மீ., சீட் போஸ்ட் 27.2, பின் டிராப்அவுட் (பின்சக்கர ஆக்சில் உட்கார்ற பிளவு) இடைவெளி 126, பாட்டம் பிராக்கெட் ஷெல் (பெடல் ஆக்சில் போற குழாய்) அகலம் 68. அதுல இருந்து கழட்டின கப்புல (பேரிங் உட்கார்ற மரை வளையம்) 36x24னு பொறிச்சிருக்கு, ரெண்டு பக்கமும் வலது மரை. டிராப்அவுட்ல கம்பான்யோலோ பேர். இத்தாலியன்தானே? எந்த மாடல்?

மரைக்கணக்கு:
அவசரப்படாதீங்க. 36x24, அதாவது 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, இத்தாலிய மரைதான், ஆனா அதுக்கு ஷெல் 70 இருக்கணும். 68னா பெரும்பாலும் அது பிஎஸ்ஏ (ஆங்கிலேய மரை அளவு) ஷெல்: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கம் இடது மரை. அந்த மரை வீணாப்போனா உள்ளே குடைஞ்சு 36க்கு வெட்டிடுவாங்க. விட்டம் 1.2 மி.மீ.தான் கூடும். செயின் பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. புது மரையோட முகட்டுல எதிர்ப்பக்கம் சாஞ்ச பழைய கீறல் சில சமயம் விட்டுவிட்டுத் தெரியும். தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம், ரிப்பேர் பண்ண பிரேம்.

லக்_கண்ணன்:
டிராப்அவுட்டை நம்பவே நம்பாதீங்க. கம்பான்யோலோ இத்தாலிய உதிரிபாகக் கம்பெனிதான், ஆனா அதோட டிராப்அவுட்டை எல்லா நாட்டு பிரேம்காரங்களும் வாங்கிப் போட்டாங்க. 28.6க்குள்ள 27.2 போகுதுன்னா சீட் டியூப் மேல் சுவர் சுமார் 0.6. நல்ல பட்டட் குழாய் (முனையில தடிமனும் நடுவுல மெல்லிசுமா இருக்கிறது), இங்கிலாந்து ரெனால்ட்ஸ் 531, இத்தாலிய கொலம்பஸ் எஸ்எல் தரம். அதுவும் மாடலைச் சொல்லாது. 126ங்கறது 6, 7 ஸ்பீடு காலம், 70களின் கடைசியும் 80களும். 120ஐ விரிச்சும் இருக்கலாம். விரிச்சிட்டு நேர் பண்ணலன்னா டிராப்அவுட் முகங்கள் இணையா இருக்காது.

ஃபோர்க்கைக் கழட்டுங்க. கிரவுன் ரேஸ் (ஃபோர்க் மேல இருக்கிற கீழ் பேரிங் வளையம்) உட்கார்ற இடம் 27.0 மி.மீ.னா ஜப்பானிய அளவு. 26.4னா எதுவும் உறுதியில்ல. ஸ்டீரர்ல (ஹெட் டியூப்புக்குள்ள போற ஃபோர்க் குழாய்) புறா முத்திரை இருந்தா கொலம்பஸ்.

பழைய_சக்கரம்:
27.0 வருது. புறா இல்ல. செயின் பக்கம் சாய்ஞ்ச கீறல் இருக்கு!

மரைக்கணக்கு:
அப்ப ஜப்பான் பக்கம் தேடுங்க. ஃபோர்க் ஒரிஜினல்தானான்னு மட்டும் முதல்ல பாருங்க, ஸ்டீரர்ல எண் இருந்தா ஷெல் அடியில இருக்கிற எண்ணோட ஒப்பிடுங்க. பெயின்ட் ரிமூவர் ஊத்தாதீங்க, பழைய நிறமும் எழுத்துத் தடமும் போயிடும். எண் மேல பெயின்ட் மூடியிருந்தா டார்ச்சைப் படுக்க வச்சு பக்கவாட்டு ஒளியில படம் எடுங்க. முதல் எழுத்தே ஆண்டைச் சொல்ற கம்பெனி உண்டு. ஜப்பானிய கம்பெனி மியாட்டாவுல ஏ என்றால் 1972. அப்புறம் ஹெட் டியூப்ல பேட்ஜ் ஆணித் துளை இருந்தா ரெண்டுக்கும் நடு இடைவெளியை அளந்து போடுங்க, கம்பெனியைக் கண்டுபிடிக்க அதுதான் கை கொடுக்கும்.

லக்_கண்ணன்:
திரும்ப மாட்டும்போது கப் இத்தாலியன், ஆக்சில் 68 ஷெல்லுக்கானது. 70க்கான ஆக்சில் போட்டா இடது கப் 2 மி.மீ. வெளியே நீட்டிக்கும், ஷெல்லுக்குள்ள மரைப் பிடிப்பு குறையும். ஏற்கெனவே ஒருதரம் வெட்டின ஷெல், அதுக்கு மேல வெட்ட சதை கிடையாது.