ஆலிஸ் வீட்டை இடிச்சது சரியா? (லாண்டுட்னோ, கோகார்த் அபி ஹோட்டல்)

கடலோரம்:
வேல்ஸ்ல லாண்டுட்னோன்னு ஒரு கடற்கரை ஊர், அங்க வெஸ்ட் ஷோர் பக்கம் இருந்த கோகார்த் அபி ஹோட்டலை 2008ல இடிச்சுட்டாங்க. அது முதல்ல ஹோட்டலே இல்ல, பென்மோர்ஃபான்னு ஒரு வீடு. ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியோட டீன் (தலைவர்) ஹென்றி லிடெல் 1862ல லீவுக்கு குடும்பத்தோட தங்க கட்டினது. அவர் பொண்ணுதான் அற்புத உலகத்துக்குப் போன ஆலிஸ். அந்த வீட்டை இடிக்க எப்படிங்க மனசு வந்துச்சு?

கணக்குப்பிள்ளை:
கதை பிறந்தது ஆக்ஸ்ஃபோர்டுலங்க. 1862 ஜூலை 4, படகுல போறப்ப, ஆலிஸ் கதையை எழுதின லூயிஸ் கரோல் மூணு லிடெல் பொண்ணுங்களுக்கும் சொன்னது. அவர் லாண்டுட்னோ வந்ததுக்கே உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனா 1933ல முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜை கூட்டிட்டு வந்து, கதைல வர்ற வெள்ளை முயலுக்கு சிலை திறந்து, இந்தக் கரையிலதான் கதை தோணுச்சுன்னு கல்லுலயே எழுதி வச்சுட்டாங்க. ஊருக்கு ஆள் வரணும்னு சொன்ன கதையை நம்பி ஒரு கட்டடத்தை காப்பாத்த சொல்றீங்க.

கடலோரம்:
கரோல் டைரில 1858ல இருந்து 1862 மே வரைக்கும் உள்ள பகுதியே காணோம் சார், லிடெல் குடும்பம் முதல்ல அங்க போனது 1861 ஈஸ்டர், அப்புறம் கரோல் வரவே இல்லன்னு எப்படி முடிவு பண்றது?

கணக்குப்பிள்ளை:
வந்திருக்கலாம்ங்கறதும் வந்தார்ங்கறதும் ஒண்ணா? வீடு கட்டினதே 1862, அதுக்கப்புறம் உள்ள டைரி இருக்குல்ல, அந்த வீட்ல தங்கினேன்னு அதுல ஒரு வரி காட்டுங்க.

உப்புக்காத்து:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். ஹோட்டலா மாத்தினப்புறம் அதுல ஒட்டுக்கட்டடம் மேல ஒட்டுக்கட்டடமா சேர்த்துட்டாங்க, பழைய வீடு உள்ள எங்கயோ ஒளிஞ்சு போச்சு. வடக்குப் பக்கம் பாருங்க, 1854ல வந்த செயின்ட் ஜார்ஜஸ், பியர் பக்கத்துல 1901ல கட்டின கிராண்ட், ரெண்டும் இன்னும் நிக்குது. காசு இருந்தா அந்த ஹோட்டல் வரிசையை காப்பாத்தணும், கடல் காத்துல பழைய கட்டடத்தை பராமரிக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல.

கடலோரம்:
வரிசையை காப்பாத்தட்டும், யார் வேண்டாம்னா? சரி, கணக்குப்பிள்ளை சார் சொன்னதை ஒத்துக்கறேன், கரோலை விட்ருவோம், எனக்கு அவர் வரவே வேண்டாம். 1864ல வில்லியம் பிளேக் ரிச்மண்ட்ங்கற ஓவியர் அந்த மூணு அக்கா தங்கச்சிங்களையும் லாண்டுட்னோலயே வச்சு வரைஞ்சார், பின்னாடி கிரேட் ஓர்ம் மலை தெரியும், ஆலிஸ் அப்ப பன்னெண்டு வயசுப் பொண்ணு. அவ வருஷா வருஷம் லீவுக்கு வந்த வீடு அது. நமக்கு எழுதினவர் கால் பட்டாத்தான் இடம், கதையைக் கேட்ட பொண்ணு ஓடி விளையாடின இடம்னா கணக்குலயே வராதா?

கணக்குப்பிள்ளை:
இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்ளோ எதிர்த்து பேசியிருக்க மாட்டேன். ஓவியம் ஆதாரம்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த முயல் சிலை கல்வெட்டை மாத்தணும், அதுல மட்டும் நான் விடமாட்டேன்.

கடலோரம்:
மாத்தட்டும் சார், ஆனா மாத்தறப்ப பென்மோர்ஃபா பேரையும் அதுல சேர்க்கணும்.