வெயிலில் வேலை செய்த அண்ணனுக்கு வாந்தி, தலைவலி. என்ன மாத்திரை கொடுக்கலாம்?

பேர்ணாம்பட்டு தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். நானும் என் பெரியப்பா மகனும் இங்கே வேலைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்று மதியத்திலிருந்து அண்ணனுக்குத் தலைவலி. ரூமுக்கு வந்ததும் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்கிறார். சாப்பிடாமல் படுத்தே இருக்கிறார். நாளைக்கு வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். வாந்தி நிற்கவும் தெம்பு வரவும் என்ன மாத்திரை கொடுக்கலாம்? ஊரில் அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

விஷாரம் பாய்:
தம்பி, பயப்படாதே. நான் ரியாத்தில் இறங்கியது 1996 ஜூன் மாதம். ஒரு ரூமில் பன்னிரண்டு பேர், ஒரே ஒரு ஏசி, அதுவும் ராத்திரி நின்று நின்று ஓடும். மொட்டைமாடி டேங்க் தண்ணீரைத் திறந்தால் கை வெந்துவிடும். அதனால் கோடையில் கீசரை அணைத்துவிட்டு, அதில் தங்கிய தண்ணீரில்தான் குளிப்போம். வெளிக் குழாயைவிட அதுதான் ஆறியிருக்கும். முதல் மாதம் முழுவதும் எனக்கும் இதே தலைவலிதான், யாரிடமும் சொல்லாமல் அழுதிருக்கிறேன். உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும். கஞ்சியில் கல்லுப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கொடு. தலையில் சில்லென்று தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே, ஜன்னி கண்டுவிடும்.

ஆற்காடு டு துபாய்:
பாய், உப்பை அள்ளிப் போடச் சொல்லாதீர்கள், பிரஷர் ஏறிவிடும். தம்பி, சட்டத்தைத் தெரிந்துகொள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஓர் ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம். கம்பெனியிடம் தைரியமாகப் பேசு. அப்புறம், நாம் பழைய வேலூர் ஜில்லாக்காரர்கள். கத்திரி வெயிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெயில் புதிதா? இரண்டு நாளில் சரியாகிவிடும். ஈரத்துண்டு போடுவதெல்லாம் வீண், நான் போட்டுப் பார்த்திருக்கிறேன், புழுக்கம்தான் அதிகமாகும்.

தோஹாவில் வாணியம்பாடி அக்கா:
எந்த நாடு என்றே தம்பி சொல்லவில்லையே. இங்கே கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை வெளிவேலை கிடையாது. நாட்டுக்கு நாடு நேரம் மாறும். நான் வந்த புதிதில் கைக்குழந்தையோடு நாலு சுவருக்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பக்காலாவுக்கு, அதாவது மளிகைக் கடைக்குப் போய்வர ஐந்து நிமிடம், அதற்குள் பிள்ளை முகம் செவந்துவிடும். காரில் பிள்ளையை ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டு இறங்காதீர்கள், பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும். இது குடும்பத்தோடு இருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்.

குடியாத்தம் சிஸ்டர்:
நான் குவைத்தில் நர்ஸ். தம்பி, மாத்திரை எதுவும் கொடுக்காதே. முதலில் இதற்குப் பதில் சொல். எந்த நாடு? அண்ணன் தெளிவாகப் பேசுகிறாரா, உளறுகிறாரா? கடைசியாக எப்போது சிறுநீர் போனார், என்ன நிறம்? வயது என்ன, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை உண்டா?

சோளிங்கர் மாமா:
இதற்கெல்லாம் காரணம் ஏஜென்ட்தான். என் மச்சானை ஏசி குடோனில் வேலை என்று சொல்லி ஒன்றே கால் லட்சம் வாங்கிக்கொண்டு அனுப்பினான் ஒருவன். வந்து பார்த்தால் ரோட்டில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டும் வேலை. ஊரில் கடன், வட்டி. திரும்பியும் போக முடியவில்லை.

ஆற்காடு டு துபாய்:
உண்மை மாமா. ஊருக்கு போன் போட்டு வெயில் தாங்கவில்லை என்றால், இங்கே மட்டும் என்ன ஊட்டியா என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகு நான் சொல்வதையே விட்டுவிட்டேன்.

விஷாரம் பாய்:
இந்தக் காலத்தில் வீடியோ காலாவது இருக்கிறது. எங்களுக்குக் கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். வாப்பா மௌத்தான செய்தியே எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

சோளிங்கர் மாமா:
மெஸ் சாப்பாடு இன்னொரு கொடுமை. காலையில் கட்டிக் கொடுத்த சோறு பத்து மணிக்கே சளசளத்துவிடுகிறது. யாரிடம் சொல்ல?

அஹ்மதியில் ஆரணிக்காரன்:
ஏஜென்ட், மெஸ் எல்லாம் அப்புறம் பேசலாம். சிஸ்டர் கேள்வி கேட்டு இருபது நிமிடம் ஆகிறது. அந்தத் தம்பி எங்கே? யாருக்காவது அவன் நம்பர் தெரியுமா?

பேர்ணாம்பட்டு தம்பி:
மன்னிக்கவும், சார்ஜ் போய்விட்டது. நாங்களும் குவைத்தான், ஃபஹாஹீல் பக்கம். அண்ணனுக்கு 43 வயது. தெளிவாகத்தான் பேசுகிறார், ஆனால் எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. சிறுநீர் காலையில் ஒரு தடவைதான், கடுகெண்ணெய் மாதிரி மஞ்சள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், சிறுநீர் பிரியும் மருந்தும் அதிலேயே சேர்ந்திருக்கிறது என்று ஊரில் டாக்டர் சொன்னாராம். கால்வலிக்குப் பக்கத்து ரூம்காரர் வலி மாத்திரை கொடுத்திருக்கிறார், இன்னும் போடவில்லை. சாரம் கட்டும் பைப் தூக்குகிற வேலை. இந்த லோடை முடித்துவிடுங்கள் என்று இன்று 12.30 வரை வெயிலில் நிறுத்திவிட்டார்கள். அகாமா, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி இன்னும் அடிக்கவில்லை, அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக இருக்கிறது.

குடியாத்தம் சிஸ்டர்:
நல்ல வேளை எல்லாவற்றையும் சொன்னாய். வலி மாத்திரையைப் போடவே வேண்டாம். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த வகை மாத்திரை நேராகச் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

இப்போதே செய். ஏசி இருக்கும் இடத்தில் அண்ணனைப் படுக்க வைத்து, காலுக்குக் கீழே தலையணை இரண்டு வை. சட்டை, பனியனைக் கழற்றிவிடு. துண்டை நனைத்து மார்பு, கை, தொடை எல்லாம் துடைத்துக்கொண்டே ஃபேன் காற்று படும்படி செய். பார்மசியில் ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்கும், அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரை. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி வருகிறவருக்கு ஒரே மூச்சில் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு வாய். பாய் சொன்ன உப்புக்கஞ்சி நாளைக்குச் சாப்பிடலாம். ஆற்காட்டு அண்ணா, பிரஷர் இருந்தாலும் இப்போது இந்த அளவு உப்பு தேவைதான், வியர்வையில் அவ்வளவு போயிருக்கிறது. பிரஷர் மாத்திரையைப் பற்றி டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அதனால் இன்று ராத்திரியே காட்டு. பாஸ்போர்ட் நகல், விசா நகல், மாத்திரை அட்டை மூன்றையும் எடுத்துக்கொள். அகாமா வரட்டும் என்று காத்திருக்காதே.

கிளம்பும் முன்பே உளறல், தள்ளாட்டம், வலிப்பு, கூப்பிட்டால் பதில் இல்லாமை, இதில் ஒன்று தெரிந்தாலும் அது ஹீட் ஸ்ட்ரோக். உடனே 112க்கு போன் செய். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காதே. பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்று. டேங்க் குழாய் கொதிக்கும், அதனால் பாய் சொன்ன மாதிரி அணைத்த கீசர் தண்ணீர், ஃபிரிட்ஜ் தண்ணீர் எது கிடைத்தாலும் சரி. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வை. அந்த நேரத்தில் வாயில் எதுவும் ஊற்றாதே, புரையேறிவிடும். பாய் என்மேல் கோபப்படக் கூடாது. ஜன்னி வரும் என்று பயந்து தண்ணீர் ஊற்றாமல் விட்டதால் காப்பாற்ற முடியாமல் போனவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் மூளையும் சிறுநீரகமும் கெடுகின்றன. காய்ச்சல் மாத்திரை அந்தச் சூட்டை இறக்காது, தண்ணீர்தான் இறக்கும்.

விஷாரம் பாய்:
கோபம் இல்லையம்மா. எங்கள் உம்மா சொல்லிக் கேட்டதை அப்படியே சொல்லிவிட்டேன். இனி சொல்ல மாட்டேன்.

அஹ்மதியில் ஆரணிக்காரன்:
நான் இங்கே சைட் சேஃப்டியில் ஏழு வருடமாக இருக்கிறேன். வேலூர்க்காரனுக்கு வெயில் புதிதா என்ற பேச்சை நான் ரொம்பக் கேட்டுவிட்டேன், அதுதான் நம் ஆட்களைக் கவிழ்க்கிறது. ஊரில் கத்திரியில் 42 டிகிரி அடித்தால் நாம் என்ன செய்வோம்? விடியற்காலை ஏர் பூட்டி, பதினொரு மணிக்குள் கொல்லையை விட்டு வந்துவிடுவோம். கூழைக் குடித்துவிட்டுப் புங்கமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்போம். நமக்குப் பழக்கம் வெயிலுக்கு ஒதுங்குவது. இரும்பு பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு அதில் நடப்பதற்கு யாருக்கும் பழக்கம் கிடையாது. இந்தக் குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானது.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். புது ஆளுக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான் வெயிலில் கொடுக்க வேண்டும், பிறகு தினமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. வெயிலால் வேலையிடத்தில் இறப்பவர்களில் பெரும்பாலானவர்கள் வந்த முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள். லீவில் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிற பழைய ஆளுக்கும் இதே கணக்குதான், பழக்கம் போய்விடும்.

குவைத்தில் தடை ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, காலை 11 முதல் மாலை 4. அண்ணனை 12.30 வரை நிறுத்தியது தவறு. தேதி, நேரம், எந்த இடம் என்று எழுதி வை.

ஆற்காடு டு துபாய்:
நான் சொன்னது துபாய் நேரம், மன்னித்துவிடு தம்பி. ஆனால் ஈரத்துண்டு இங்கே நிஜமாகவே உதவவில்லையே?

குடியாத்தம் சிஸ்டர்:
நீங்கள் சொல்வதும் சரிதான் அண்ணா, ஊர் வேறு. துபாய், தோஹாவில் கடல் ஈரம் காற்றிலேயே நிற்கும். வியர்வை காயாது, ஈரத்துண்டும் காயாது, காயாவிட்டால் சூடு இறங்காது. அங்கே ஏசி நிழல்தான் வழி. குவைத்தில் பெரும்பாலும் வறண்ட காற்று, அதனால் ஈரத்துணி நன்றாக வேலை செய்யும். கடல்காற்று திரும்பும் நாட்களில் இங்கேயும் புழுங்கும், அன்றைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். வறண்ட வெயிலில் ஆபத்தே தெரியாது. வியர்த்த மாதிரியே இருக்காது, சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும் விழும். தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். வெயிலில் வேலை செய்யும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம், அதுவும் கெடுதல். வெறும் ஃபேனை நம்பாதீர்கள். ரூமே 40 டிகிரிக்கு மேல் கொதித்தால் அது உலைக்காற்றைத்தான் மேலே அடிக்கும்.

தோஹாவில் வாணியம்பாடி அக்கா:
லபன் பாட்டில் மலிவாகக் கிடைக்குமே. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து உப்பு போட்டால் நம் நீர்மோர்தான். எனர்ஜி டிரிங்க் மட்டும் வாங்கிக் கொடுக்காதே தம்பி.

பேர்ணாம்பட்டு தம்பி (மறுநாள்):
ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இரண்டு பாட்டில் டிரிப் ஏற்றினார்கள். விடியற்காலை நன்றாகச் சிறுநீர் போனார், நிறமும் தெளிந்துவிட்டது. இரத்தத்தில் உப்பு குறைந்திருந்ததாம். பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் ஓய்வு என்று சீட்டும் கொடுத்தார்கள். சிஸ்டருக்கும் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் ஃபோர்மேன் சீட்டைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் சம்பளம் கிடையாது என்கிறார்.

அஹ்மதியில் ஆரணிக்காரன்:
ஃபோர்மேன் பேச்சை விடு. 2010ஆம் வருடத்து 6ஆம் எண் தொழிலாளர் சட்டத்தில் வருடத்துக்கு முதல் 15 நாள் நோய் விடுப்புக்கு முழுச் சம்பளம் உண்டு. அரசு டாக்டர் சீட்டு செல்லும். அசலைக் கையை விட்டுக் கொடுக்காதே. போட்டோ எடுத்து, நகலை மட்டும் கம்பெனியின் அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் மந்தூபிடம் வாட்ஸப்பில் அனுப்பு. எழுத்தில் இருந்தால்தான் பின்னால் பேச முடியும்.

குடியாத்தம் சிஸ்டர்:
நாலாம் நாள் போனதும் அண்ணன் பைப் தூக்கக் கூடாது. ஒரு முறை வெயிலில் விழுந்த உடம்பு கொஞ்ச நாளைக்குச் சீக்கிரம் மறுபடியும் விழும். முதல் வாரம் நிழல் வேலை, அப்புறம் காலையில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டலாம். சிறுநீர் கட்டஞ்சாயா, அதாவது பால் இல்லாத டீ நிறத்தில் போனால் அன்றே திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். உன் உடம்பையும் பார்த்துக்கொள், நீயும் ஒன்பது நாள் ஆள்தான். இருவரும் தனித்தனியாக வேலை செய்யாதீர்கள். உளறுகிறவனுக்குத் தான் உளறுவது தெரியாது, பக்கத்தில் இருப்பவன்தான் சொல்ல வேண்டும்.

பேர்ணாம்பட்டு தம்பி:
சரி சிஸ்டர். மந்தூபுக்கு அனுப்பிவிட்டேன், பார்த்துவிட்டார், பதில் இன்னும் வரவில்லை. எங்கள் கேங்கில் நேற்று புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறார்கள், ஒருவர் ஆம்பூர். தண்ணீர்க் கணக்கையும் 112ஐயும் ஓர் அட்டையில் எழுதி ரூம் கதவில் ஒட்டியிருக்கிறேன். அண்ணன் இப்போதுதான் அண்ணியிடம் வீடியோ காலில் பேசி முடித்தார். பழைய மாத்திரை அட்டையை இனி அனுப்ப வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.