ஜான் டோ பெயரில் நில வழக்கு: பொய்யென்று தெரிந்தே கோர்ட் ஏற்றுக்கொண்டதா?

நிலா_மூன்றாமாண்டு
சட்ட வரலாற்றுத் தாளுக்காக 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நில வழக்குகளைப் படிக்கிறேன். எங்கே பார்த்தாலும் வாதி ஜான் டோ, பிரதிவாதி ரிச்சர்ட் ரோ. இரண்டு பேருமே கற்பனை ஆட்களாம். நிலத்துக்குச் சண்டை போடுகிறவர் தன் பெயரிலேயே வழக்குப் போட என்ன தடை? நீதிபதிக்கு இது தெரியாதா? இதை வைத்து யாரும் ஏமாற்றவில்லையா?

பழைய_வக்கீல்
நன்றாகவே தெரியும்மா. இந்த ஏற்பாட்டைச் செய்தவரே 1650களில் தலைமை நீதிபதியாக இருந்த ரோல்தான்.

சொந்த நிலத்தை மீட்க அங்கே இருந்த பழைய வழக்குமுறை ஜவ்வாக இழுக்கும். ஆனால் குத்தகைதாரரை யாராவது விரட்டிவிட்டால், அவர் போட சீக்கிரம் முடிகிற ஒரு வழக்கு இருந்தது. எஜெக்ட்மென்ட் என்று பெயர். அதனால் உரிமை கோருபவர் நிலத்தில் போய் நின்று, கூட வந்தவருக்கு அங்கேயே குத்தகை எழுதிக் கொடுத்து, அவரை அங்கே விட்டுவிட்டு வருவார். ஒருவர் வந்து அந்த ஆளை வெளியே தள்ளுவார். வழக்குத் தயார். ரோல் காலத்தில் இந்த அலைச்சலும் போய், எல்லாம் காகிதத்திலேயே நடந்ததாக வைத்துக்கொண்டார்கள். குத்தகைதாரர் டோ, தள்ளியவர் ரோ.

ஏமாற்றும் நடந்தது. தள்ளுகிற ஆள் வாதியின் கையாள், வழக்காட மாட்டார். தீர்ப்பு வாங்கி நிலத்தைக் கைப்பற்ற வரும்போதுதான் உண்மையில் சுவாதீனத்தில், அதாவது நிலத்தைக் கையில் வைத்து அனுபவித்துக்கொண்டு, இருப்பவருக்கு விஷயமே தெரியும். இங்கே சம்மன் சார்வு ஆகாமலே, எதிராளி வராத ஒருதலைத் தீர்ப்பை (எக்ஸ்பார்ட்டி) வாங்குகிறார்களே, அதே வேலை. கடைசியில், சுவாதீனத்தில் இருப்பவருக்குத் தகவல் கொடுக்காமல் வழக்கு நகராது என்று நீதிமன்றங்கள் விதி போட்டன. தகவலை அனுப்புவது யார் தெரியுமா? அந்தக் கற்பனைப் பிரதிவாதியே. 18ஆம் நூற்றாண்டுச் சட்ட நூலாசிரியர் ப்ளாக்ஸ்டோன் தரும் மாதிரிக் கடிதத்தில், ‘எனக்கு இந்த நிலத்தில் பாத்தியதை இல்லை, நீர் வந்து வழக்காடும், இல்லாவிட்டால் வெளியேற்றப்படுவீர்’ என்று சொல்லிவிட்டு, உமது அன்பு நண்பன் என்று கையெழுத்துப் போடுகிறார்!

நிலா_மூன்றாமாண்டு
அந்த விதியோடு தொல்லை தீர்ந்ததா சார்?

பழைய_வக்கீல்
எங்கே தீர்ந்தது? சுவாதீனக்காரர் ஜெயித்தாலும், தோற்றது டோதானே. நாளைக்கு இன்னொரு குத்தகை, இன்னொரு டோ, மறுபடியும் அதே வழக்கு. ஒருமுறை தீர்ந்த வழக்கை அதே ஆட்கள் மறுபடி போடக் கூடாது என்கிற முன்தீர்ப்புத் தடை குறுக்கே வராது. பாத் பிரபுவுக்கும் ஷெர்வினுக்கும் நடந்ததில் ஐந்து முறை விசாரணை, ஐந்து முறையும் ஒரே முடிவு. நாட்டின் உயர்ந்த நீதிப் பதவியான லார்டு சான்சலராக இருந்த கௌப்பர் தடையுத்தரவு தர மறுத்தார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபுக்கள் சபைதான் நிரந்தரத் தடை கொடுத்து அதை நிறுத்தியது. டோ 1852 வரை உயிரோடு இருந்தார். நடுவில் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டுக்கும் வந்துபோனார்.

ஆவணப்பிரியன்
டோவைக்கூட மன்னித்துவிடலாம். எனக்கு ‘காமன் ரிகவரி’தான் வயிற்றெரிச்சல்.

1285 சட்டப்படி, வாரிசு வழியாகவே இறங்க வேண்டும் என்று கொடுத்த நிலத்தை இப்போது அனுபவிப்பவர் விற்கக் கூடாது. விற்க ஆசை வந்துவிட்டால்? வாங்குபவர் நிலம் தன்னுடையது என்று வழக்குப் போடுவார். நிலத்துக்காரர், ‘இந்த நிலத்தின் உரிமைக்கு எனக்கு உத்தரவாதம் தந்தவர் இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள்’ என்பார். வந்து நிற்பவர் அதே கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலி! வாங்குபவர் அவரோடு தனியாகப் பேச அனுமதி கேட்பார். இருவரும் வெளியே போவார்கள். இவர் திரும்பி வருவார், டவாலி வரமாட்டார். கோர்ட்டை அவமதித்துப் போய்விட்டார் என்று சொல்லி நிலம் வாங்குபவருக்குத் தீர்ப்பாகிவிடும். வாரிசுகளுக்கு ஈடாக டவாலி தன் நிலத்தைத் தர வேண்டுமாம். அவரிடம் ஏது நிலம்? 1472 வாக்கிலேயே இதற்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது, ஒழித்தது 1833இல்.

நிலா_மூன்றாமாண்டு
தாளுக்கு டவாலியையே எடுத்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் யாரும் தடுக்கவில்லையா?

பழைய_வக்கீல்
யார் தடுப்பார்கள்? விற்பவருக்குப் பணம் வேண்டும், வாங்குபவருக்குச் சிக்கலில்லாத பத்திரம் வேண்டும், எங்கள் ஆட்களுக்கு ஃபீஸ். நஷ்டம் பிறக்காத பேரனுக்கு. தன் பங்கைக் காப்பாற்றிக்கொண்டவர் ராஜாதான். அரசர் மானியமாகக் கொடுத்து, பிற்பாடு அரசருக்கே திரும்ப வேண்டிய நிலத்தில் இந்த வித்தை செல்லாது என்று எட்டாம் ஹென்றி காலத்திலேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். தாளில் அதையும் சேர்த்துக்கொள்ளம்மா.