மேக்கா, டூவா, டேக்கா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆங்கில வினைச்சொற்களான டூ, மேக், டேக், ஹேவ், கிவ் எல்லாம் தனியாக வந்தால் சாது. ஒரு பெயர்ச்சொல்லோடு கைகோத்துக்கொண்டால்தான் தகராறு. 'டூ எ மிஸ்டேக்' என்று ஏன் சொல்லக் கூடாது என்று அக்கா மகள் கேட்டாள். புதிதாக ஒன்றை உண்டாக்கினால் மேக், வேலையைச் செய்தால் டூ என்று பள்ளியில் படித்த விதியை எடுத்துவிட்டேன். "அப்போ 'மேக் தி பெட்'னா கட்டில் செய்யறதா மாமா?" என்றாள். போர்வையை மடித்து விரிப்பைச் சரிசெய்வதற்குப் போய் அப்படி ஒரு பெயர்! 'டேமேஜ்' வந்தால் டூ, 'எஃபர்ட்' வந்தால் மேக். இதை எந்த விதியில் அடைப்பது? உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத் தருகிறேன். டாக்டரிடம் பேசுவது போல ஒரு பயிற்சி வைத்தால் போதும், 'ஐ ஏட் தி டேப்லெட்' கட்டாயம் வரும். நாம் மாத்திரை சாப்பிடுகிறோம், அங்கே டேக். நாம் கனவு காண்கிறோம், அங்கே ஹேவ்.

இதைவிட எனக்குப் பிடித்தது திசை மாறும் ஜோடிகள். நமக்குச் சளி பிடிக்கும். ஆங்கிலத்தில் 'கேட்ச் எ கோல்ட்', அதாவது ஆள்தான் சளியைப் பிடிக்கிறார். பிரசவத்துக்கு அங்கே 'கிவ் பர்த்', தாய் கொடுக்கிறாள். தமிழில் அதே தாய் பிள்ளை பெறுகிறாள். இதைச் சொன்னதும் வகுப்பே ஒரு நிமிடம் வாயடைத்துப் போகும். அப்புறம் யாரும் மறப்பதில்லை.

*

வகுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. என்னோடு வேலை பார்ப்பவர் வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருபவர். அமெரிக்கர் ஒருவரிடம் 'ஐ டேக் எ மேத் கிளாஸ்' என்று பெருமையாகச் சொன்னார். அவரோ, "கணக்கில் உங்களுக்கு எது கஷ்டம்?" என்று அக்கறையாக விசாரித்தார். அமெரிக்க வழக்கில் வகுப்பை 'டேக்' பண்ணுவது மாணவர். ஆசிரியர் 'டீச்' பண்ணுவார்.

பரீட்சை இன்னும் மோசம். நாம் எழுதுகிறோம், அமெரிக்கர் டேக், பிரிட்டன்காரர் சிட். 'கிவ்' என்றால் பரீட்சை வைக்கும் ஆசிரியர் என்றுதான் அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

*

எல்லாமே எதிரும் புதிருமாகவா இருக்கிறது? 'பே' என்ற வினையைப் பாருங்கள். கட்டணம் செலுத்துகிறோம், கவனம் செலுத்துகிறோம், மரியாதை செலுத்துகிறோம். ஆங்கிலத்திலும் மூன்றுக்கும் பே. இந்த ஒற்றுமையைக் கவனித்த நாளில் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அடுத்தே 'பே எ விசிட்' வந்து கவிழ்த்துவிட்டது. தமிழில் அமைச்சர் வருகை தருவார், செலுத்த மாட்டார். ஆகவே பாதி தூரம்தான் துணைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

இப்படி அர்த்தத்தின் பாரத்தைப் பெயர்ச்சொல்லிடம் தள்ளிவிட்டுக் கூட வரும் வினைகளுக்கு 'லைட் வெர்ப்' என்று பெயர் வைத்தவர் டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன். ஒரே சொல்லாக 'டிசைட்' இருக்கும்போது 'மேக் எ டிசிஷன்' எதற்கு என்று நானும் யோசித்ததுண்டு. பெயர்ச்சொல்லாக்கினால் முன்னால் அடைமொழி வைக்க வசதி. நாமும் அவசர முடிவு எடுக்கிறோம், தவறான முடிவு எடுக்கிறோம் அல்லவா? பிரிட்டனில் 'டேக் எ டிசிஷன்' என்றும் எழுதுவார்கள், அதைத் திருத்த வேண்டாம். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெயர்ச்சொல்லைக் குறித்துக்கொள்ளும்போதே அதன் வினையையும் சேர்த்துக் குறித்துக்கொள்வேன்.

*

தமிழ் கற்கும் வெளிநாட்டு நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் இந்தக் குறையைச் சொன்னால் சிரிப்பார். சட்டை போடு, சண்டை போடு, ஊசி போடு, கையெழுத்து போடு, லைட்டைப் போடு என்று அவர் நோட்டில் ஒரு பக்கமே இருக்கிறது. பசி எடுக்கும், போட்டோவும் எடுக்கலாம் என்றதற்கு அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. போன வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது: "மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டேன். அதில் ஒரு கனவு போட்டேன்." தூக்கம் போடலாம், கனவு மட்டும் ஏன் போடக் கூடாது என்று கேட்கிறார். யாராவது பதில் சொல்லுங்களேன்.