எண்ணினது சரி, யாரை எண்ணினாங்க? – உட்கட்சி வேட்பாளர் தேர்வு அனுபவங்கள்

கிளைப் பொறுப்பில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கட்சிப் பெயர் வேண்டாம்.

தொகுதிக்கு இரண்டு பேர் சீட் கேட்டார்கள். ஒருவர் வருடக்கணக்காகக் களத்தில் நின்ற பெண்மணி, இன்னொருவர் மேலிடத்துக்கு வேண்டியவர். உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்யலாம் என்று அறிவித்ததும் எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். வாக்குப்பதிவு அன்று பட்டியலைப் பார்த்தால், கடைசித் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். பல பெயர்களுக்கு ஒரே முகவரி. பழைய உறுப்பினர் ஒருவர் சந்தா ரசீதைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். பட்டியலில் பெயர் இல்லையாம், உள்ளே விடவில்லை. கேட்டால், "தேதியை மேலிடம் தளர்த்திடுச்சு" என்று பதில். எப்போது தளர்த்தினார்கள், யாரிடம் சொன்னார்கள்? பதில் இல்லை.

வாக்கு எண்ணும்போது நானும் மேஜையருகே இருந்தேன். அதில் ஒரு தவறும் இல்லை. தோற்ற அந்த அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "எண்ணினது சரிதான் தம்பி. யாரை எண்ணினாங்கன்னு கேளு."

புகார் எழுதி அனுப்பினோம். வந்து சேர்ந்தது என்றுகூடத் தகவல் இல்லை.

*

மேலே எழுதிய நண்பருக்கு: உங்களுக்கு வாக்குச்சீட்டாவது கிடைத்தது. நான் விருப்ப மனு கொடுத்து நேர்காணலுக்குப் போனவள். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" தொகுதிப் பிரச்சினைகளைக் குறித்து எடுத்துப்போன கோப்பை யாரும் திறக்கவே இல்லை. இன்னொருவரை அறிவித்தார்கள், காரணம் சொல்லவில்லை. அந்தக் காரணத்தைத்தான் இன்றும் கேட்கிறேன்.

இது கட்சியின் வீட்டு விவகாரம் என்பவர்களிடம் எனக்கு உடன்பாடே இல்லை. ஜெர்மனியில் வேட்பாளரை ரகசிய வாக்கெடுப்பில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தேர்தல் சட்டமே சொல்கிறது. போட்டியிடுபவர் தன்னையும் தன் திட்டத்தையும் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல நேரம் தர வேண்டும். அமெரிக்காவில் 1968-ல் ஹூபர்ட் ஹம்ப்ரி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களில் நடக்கும் பிரைமரி வாக்கெடுப்பு ஒன்றில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆனார். தொண்டர்கள் கொதித்தார்கள், அதன்பிறகுதான் அந்தக் கட்சி விதிகளையே திருத்தியது.

*

முதலில் எழுதியவன்தான். அக்கா இன்னும் கட்சியில்தான் இருக்கிறார். அடுத்த தேர்வில் யார் போட்டி என்று தெரியும் முன்பே உறுப்பினர் பட்டியலை ஒட்டிவிட வேண்டும், அதற்குப் பிறகு ஒரு பெயரும் சேர்க்கக் கூடாது என்று கிளையில் தீர்மானம் கொண்டுவருகிறோம். முன்மொழிவது அவர், வழிமொழிவது நான்.