கிர்பியின் கோடு மாறியது ஏன்?

கேள்வி:
அமெரிக்க ஓவியர் ஜாக் கிர்பி மார்வெல் நிறுவனத்துக்கு வரைந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸ் இதழ்களை 1961-லிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறேன். 44-ஆவது இதழில் திடீரென்று எல்லாம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. 1968 வாக்கில் பேனல்கள் (படக் கட்டங்கள்) பெரிதாகி, பக்கத்துக்கு நாலு, ஐந்து என்று குறைகின்றன. அவர் கையே மாறியதா, மை போட்டவர் மாறினாரா?

பதில் 1:
இரண்டு மாற்றங்களுக்கும் காரணம் வெவ்வேறு. முதலாவதுக்கு மை. கிர்பி பெரும்பாலும் பென்சிலோடு நிறுத்திக்கொள்வார்; அதன் மேல் மையால் கோடு போடுவது வேறொருவர். 40 முதல் 43 வரை மை போட்டவர் வின்ஸ் கொலெட்டா. 1965-இல் 44-ஆவது இதழிலிருந்து ஜோ சின்னாட் நிலையாக வந்துவிட்டார்.

அடையாளம் காண நிழலைப் பாருங்கள். கொலெட்டாவின் நிழல் மெல்லிய நிப்பின் சன்னமான கீறல்கள். கெடு நெருங்கினால் பின்னணி ஆட்களை அழித்துவிடுவார், இல்லை மொத்தமாகக் கருப்படித்துவிடுவார். சின்னாட்டின் கோடு தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும், இயந்திரங்களின் வளைவில் பிசிறே இருக்காது.

பதில் 2:
இரண்டாவதுக்குக் காரணம் தாள். 1967 வாக்கில் அமெரிக்க காமிக்ஸ் ஒரிஜினல்களின் (அச்சுக்கு முன் கையால் வரையும் பக்கங்கள்) வரைபரப்பு ஏறக்குறைய 12.5 × 18.5 அங்குலத்திலிருந்து 10 × 15-க்கு இறங்கியது. பரப்பில் சுமார் 35 சதவீதம் போய்விட்டது! ஆறேழு பேனல்களுக்கு இருந்த இடம் இல்லை. கிர்பி ஆட்களைச் சிறிதாக்காமல் பேனல்களைக் குறைத்தார். அதைச் சோர்வு என்று எழுதுகிறவர்கள் இந்த அளவு மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அச்சிலும் வித்தியாசம் உண்டு. முன்பு படம் பாதியாகச் சுருங்கியது, பிறகு மூன்றில் இரண்டு பங்காக. அதே 0.4 மி.மீ. கோடு முதலில் 0.2 ஆகவும் பின்னர் சுமார் 0.27 ஆகவும் விழும். பழைய அளவில் கை நடுக்கம்கூடச் சுருக்கத்தில் மறைந்துவிடும்; புதிய அளவில் அவ்வளவு மறையாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி நண்பரே. கொலெட்டாவின் கீறல்கள் பழைய இதழ்களில் அழுக்குத் திட்டு போலத் தெரிகின்றனவே?

பதில் 2:
நியூஸ்பிரிண்ட் (மலிவான செய்தித்தாள் காகிதம்) மையை உறிஞ்சிப் பரப்பும். ஒரிஜினலில் 0.5 மி.மீ. இடைவெளி விட்ட கீறல்கள் பாதியாகச் சுருங்கும்போது இடைவெளி 0.25 தான், மை பரவினால் அதுவும் அடைபடும். கோடு மிக மெல்லியதாக இருந்தால் நேர்மாறாக, அறுந்து அறுந்து விழும். ஒரிஜினல் பக்கத்தின் ஸ்கேனைப் பார்க்காமல் அவர் வேலையை எடைபோட வேண்டாம். ஆனால் அழித்த உருவங்களுக்கு அச்சைக் குறை சொல்ல முடியாது, அது அவர் செய்ததுதான்.

பதில் 3:
கிர்பியின் பென்சில் கலப்பில்லாமல் எப்படி இருந்தது என்று பார்க்க, 1970-இல் அவர் மார்வெலை விட்டு போட்டி நிறுவனமான டிசிக்குப் போன பிறகு வந்தவற்றை எடுங்கள். அங்கே வந்த நியூ காட்ஸ் தொடரில் முதல் நாலு இதழ்களுக்கு மை போட்டவர் கொலெட்டா, ஐந்தாவதிலிருந்து மைக் ராயர். ராயர் பென்சிலில் இருந்ததை இருந்தபடியே மையாக்கினார். நாலையும் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சதுர விரல் நுனிகள், உலோகத்தில் ஓடும் வளைந்த கருப்புப் பட்டைகள், ஆற்றலைக் காட்டும் அந்தக் கரும்புள்ளிக் கூட்டம் (ஒளி புள்ளியில் இல்லை, புள்ளிகளுக்கு நடுவே விட்ட இடத்தில் இருக்கிறது) எல்லாம் ஐந்தில் முழுசாக நிற்கும்.